தண்ணிக்கும் ஒரு பாஸ்புக் வேணும்



நான் 34 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் கடைசி 11 வருஷம் கிராமக் கிளைகளில், விவசாயக் கடன் பிரிவில். 2016-ல் ஓய்வு பெற்று, அரவக்குறிச்சி பக்கம் அப்பா விட்டுப்போன மூணு ஏக்கருக்கு வந்து சேர்ந்தேன். நம்ம இதழில் பயிரைப் பத்தி, விதையைப் பத்தி, மாட்டைப் பத்தி என்னைவிட அனுபவசாலிகள் நிறைய எழுதுறாங்க. நான் எழுதப்போவது வீட்டுக்கும், வீட்டைச் சுத்தி இருக்கிற அஞ்சு சென்ட் தோட்டத்துக்கும் ஆகிற தண்ணியைப் பத்தி மட்டும்தான். மூணு ஏக்கரில் செய்த தப்பைத் திருத்த எனக்கு வழி காட்டினதே இந்த அஞ்சு சென்ட்தான்.

எங்க பக்கம் செவக்காட்டு மண். கீழே பாறை. மழை அளக்க நானே ஒரு மழைமானி வெச்சிருக்கேன். நல்ல வருஷத்தில் 600 மில்லிமீட்டர் கிடைக்கும், மோசமான வருஷத்தில் அதில் பாதிகூட வராது. நான் ஊருக்கு வந்த வருஷமே வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போச்சு. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாசி மாசம் எங்க கிணறு வத்துச்சு. பங்குனியில் பழைய போர்வெல் காத்தைக் கக்க ஆரம்பிச்சது.

அப்போ நான் செய்த காரியத்தைச் சொல்லவே வெட்கமா இருக்கு. கடன் பிரிவில் இருந்தப்போ எத்தனையோ பேர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்னிருக்காங்க. "சார், 700 அடி ஓட்டினேன், புகைதாங்க பறந்துச்சு. போட்ட காசு மண்ணாப் போச்சுங்க" என்பாங்க. நான் ஃபைலைப் பார்த்துக்கிட்டே, "தவணை வர்ற மாசம் 15-ம் தேதிங்க" என்பேன். எல்லாம் தெரிஞ்ச அதே ஆள்தான், ஓய்வுக்கு வந்த பணத்தில் 1,40,000 ரூபாயை எடுத்து 850 அடிக்கு ரெண்டாவது போர் போட்டேன். ராத்திரி பூரா வண்டி உறுமிச்சு. விடியறப்போ முற்றம், மாட்டுக்கொட்டாய், முருங்கை மரம் எல்லாத்திலும் வெள்ளைப் பொடி படிஞ்சு கிடந்துச்சு. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அடுத்த நாளிலிருந்து லாரித் தண்ணி. ஒரு லோடு 6,000 லிட்டர், 800 ரூபாய். அஞ்சே நாளில் தீர்ந்துச்சு. மூணாவது லோடுக்கு நான் ஃபோன் பண்ணும்போது வீட்டுக்காரம்மா கேட்டாங்க:

"ஏனுங்க, கணக்குல எவ்வளவு இருக்குன்னு பாக்காம யாராச்சும் செக் எழுதுனா நீங்க உட்டுருவீங்களா?"

அன்னைக்கு ராத்திரியே ஒரு பழைய நோட்டை எடுத்து வரவு, செலவு, இருப்புன்னு மூணு கோடு போட்டேன்.

முதலில் ஒரு வாரம் அளந்து பாருங்க

தேவையான கருவி ஒரு 15 லிட்டர் வாளி, ஒரு கடிகாரம், ஒரு நோட்டு. அவ்வளவுதான். குழாயைத் திறந்து வாளி நிறைய எத்தனை நொடி ஆகுதுன்னு பாருங்க. எங்க தோட்டத்து ஹோஸில் 45 நொடியில் வாளி நிறைஞ்சது. அப்படின்னா நிமிஷத்துக்கு 20 லிட்டர். நான் தினமும் 35 நிமிஷம் பாய்ச்சிக்கிட்டு இருந்தேன். கணக்குப் போட்டா 700 லிட்டர்!

வீட்டில் நான், வீட்டுக்காரம்மா, என் மாமியார் என மூணு பேர். ஒரு நாள் செலவு இப்படி வந்தது: குளிக்க 150 லிட்டர், துணி துவைக்க 120, கழிப்பறைக்கு 90, பாத்திரம் கழுவ 80, குடிக்கவும் சமைக்கவும் 25, வாசல் தெளிக்க, வீடு துடைக்க 35. மொத்தம் 500 லிட்டர். தோட்டத்தோடு சேர்த்து 1,200. லோடு ஏன் அஞ்சு நாளில் தீர்ந்ததுன்னு அப்போதான் புரிஞ்சது.

இந்த வரிசையை நல்லா கவனிங்க. உயிர் வாழத் தேவையான தண்ணி வெறும் 25 லிட்டர். குடிக்கிற தரத்தில் தண்ணி தேவைப்படுவது அந்த 25-க்கு மட்டும்தான். மீதி எல்லாத்துக்கும் அதே தண்ணியைக் கொட்டிக்கிட்டு இருந்தோம்.

செலவைக் குறைக்கிற வழி

வீட்டுக்குள் நாங்க செய்தது எதுவும் பெரிய வித்தை இல்லை. ஷவரை நிறுத்தி வாளிக்கும் சொம்புக்கும் திரும்பினோம். பாத்திரத்தில் ஒட்டியிருக்கிறதை முதலில் வழிச்செடுத்துட்டு, ஓடுற குழாயில் கழுவாமல் ரெண்டு பேசினில் அலசினோம். தினமும் ஓடின வாஷிங் மெஷினை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினோம். கழிப்பறையில் ஃப்ளஷ் தொட்டி 10 லிட்டர் பிடிக்கும். அதுக்குள் தண்ணி நிரப்பி மூடிய ரெண்டு ஒரு லிட்டர் பாட்டிலை வெச்சோம், ஒவ்வொரு தடவையும் ரெண்டு லிட்டர் மிச்சம். செங்கல்லை வைக்காதீங்க, அது கரைஞ்சு வால்வைக் கெடுக்கும்.

சொட்டுற குழாயை யாரும் கணக்கில் எடுத்துக்கிறதில்லை. மாட்டுத்தொட்டிக் குழாய்க்கு அடியில் ராத்திரி ஒரு குடத்தை வெச்சேன், விடியறப்போ பாதிக் குடம் நிறைஞ்சிருந்தது. பத்து ரூபாய் வாஷர் மாத்தினதும் நின்னுபோச்சு.

இப்படி எல்லாம் சேர்ந்து, ஒரு மாசத்தில் வீட்டுச் செலவு 500 லிட்டரிலிருந்து 350-க்கு வந்தது. குளிக்க 110, துணிக்கு 80, கழிப்பறைக்கு 60, பாத்திரத்துக்கு 50, குடிக்க, சமைக்க அதே 25, மத்ததுக்கு 25.

ஒரே தண்ணியை ரெண்டு தடவை செலவழிக்கலாம்

பணத்தை ஒரு தடவைதான் செலவழிக்க முடியும். தண்ணி அப்படி இல்லை. குளிச்ச தண்ணி, துணி அலசின தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி எல்லாம் சேர்ந்து எங்க வீட்டில் தினமும் 240 லிட்டர். இது சாக்கடைக்குப் போகணும்னு என்ன கட்டாயம்? எங்க பாட்டி காலத்தில் பொடக்காலியில் ஒரு வாழையும் ஒரு கருவேப்பிலையும் இல்லாத வீடு கிடையாது. குளிக்கிற தண்ணியில்தான் அதுங்க வளர்ந்துச்சு.

ஆனா பாட்டி காலத்தில் சீயக்காயும் அரப்பும் பூந்திக்கொட்டையும் கரைஞ்ச தண்ணி போச்சு. இப்போ போறது சோப்புத்தூள் தண்ணி. இதில் நான் ஒரு தப்பு பண்ணினேன். மெஷின் தண்ணியை நேராக் கருவேப்பிலைக்கு விட்டேன். மூணு மாசத்தில் இலை மஞ்சளாச்சு, அடிமண் சிமென்ட் மாதிரி இறுகிப்போச்சு. சோப்புத்தூளில் சோடியம் உப்பு அதிகம். அது களித்துகள்களைப் பிரிச்சுவிட்டு மண்ணின் கண்ணை அடைச்சிரும். அப்புறம் தண்ணியும் இறங்காது, காத்தும் போகாது. ரெண்டு மழை அந்த இடத்தைக் கழுவின பிறகுதான் அந்த மரம் தேறுச்சு.

இப்போ நாங்க செய்வது இதுதான். முதல் சோப்புத் தண்ணி, சாக்கடையோடு போகட்டும்னு விட்டுடறோம். அலசின தண்ணியும் குளிச்ச தண்ணியும் மட்டும் வாழை வட்டத்துக்குப் போகுது. நாலடி அகலம், ரெண்டரை அடி ஆழத்தில் ஒரு வட்டக் குழி எடுத்து, காய்ஞ்ச கிளை, தென்னை மட்டை, இலை தழை போட்டு மேடு தட்ட நிரப்பணும். குழியின் விளிம்பில் நாலு வாழை, இடையில் சேம்பு, கல்வாழை. குழாய் முனை தழைக்கு அடியில் இருக்கட்டும், அப்போதான் கொசு வராது. ரெண்டு வட்டம் போட்டு மாத்தி மாத்தி விடுங்க. பாத்திரம் கழுவின தண்ணியில் எண்ணெயும் சோத்துப் பருக்கையும் இருக்கும், அதை ஒரு சல்லடைத் தொட்டியில் வடிச்சு விடணும்.

மூணு விஷயத்தில் கவனம் வேணும். இந்தத் தண்ணியை ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைக்காதீங்க, நாறிப்போகும். கீரைக்கும், பச்சையாத் தின்கிற காய்க்கும், கிழங்குக்கும் விடாதீங்க. கழிப்பறைத் தண்ணியோ, குழந்தைகளின் மலத்துணி அலசின தண்ணியோ இதில் கலக்கவே கூடாது.

தோட்டத்தில் தண்ணி எங்கே போகுது?

தோட்டத்துக்கு விட்ட 700 லிட்டரில் செடி குடிச்சது கொஞ்சம்தான். பெரும்பகுதியை வெயிலும் காத்தும் குடிச்சிருச்சு. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி, ஆடியில் அடிக்கிற காத்து எங்க பக்கம் எப்படின்னு, காத்தாலைகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். துணி காயுற வேகத்தில் மண்ணும் காயும். அதனால் தோட்டத்துக்கு மேற்கே ரெண்டு வரிசை அகத்தியும் ஆமணக்கும் போட்டேன். காத்தை முழுசா மறிக்க வேண்டாம், வேகத்தை உடைச்சாலே போதும்.

அடுத்தது மூடாக்கு. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராப் போய்ச் சொன்னது இதைத்தான். அவர் வானகத்தை அமைச்ச கடவூரும் எங்க கரூர் மாவட்டத்து வறண்ட பூமிதான். சோளத்தட்டு, கடலைத் தொப்பி, காய்ஞ்ச இலை, எது கிடைச்சாலும் நாலு அங்குல கனத்துக்குப் பரப்புங்க. தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு கை அகலம் இடம் விடுங்க, இல்லைன்னா தண்டு அழுகும். மூடாக்குப் போட்ட பாத்தியில் விரலை விட்டா மூணாம் நாளும் ஈரம் இருக்கும். பக்கத்தில் வெறும் பாத்தி மறுநாள் சாயங்காலமே காய்ஞ்சிரும்.

பாத்தி அமைப்பிலும் நான் ஒரு பாடம் படிச்சேன். வீடியோவில் பார்த்து மேட்டுப்பாத்தி போட்டேன். மழை கொட்டுற ஊருக்கு அது சரி, அதிகத் தண்ணி வடியணும். நம்ம மாதிரி வறண்ட ஊரில் மேட்டுப்பாத்திக்கு நாலு பக்கமும் வெயில் படும், சீக்கிரம் காயும். இங்கே பாத்தி தரையைவிட நாலு அங்குலம் பள்ளமா இருக்கணும். பெய்யுற தூறல்கூட அதில் தங்கும்.

கொடிகளுக்குப் பானைப் பாசனம். குயவர்கிட்ட பூச்சு, வண்ணம் இல்லாத சாதாரண மண்பானை, ஏழு லிட்டர் கொள்ளளவில் வாங்கி, கழுத்து மட்டும் வெளியே தெரிய புதைச்சு, தண்ணி ஊத்தி மூடிடணும். பானையைச் சுத்தி நாலு இடத்தில் பாகல், பீர்க்கன், சுரை விதை. மண் காய்ஞ்சா பானைச் சுவர் வழியா ஈரம் கசியும், மண் நனைஞ்சிருந்தா கசிவு தானா மட்டுப்படும். மூணு, நாலு நாளுக்கு ஒரு தடவை நிரப்பினால் போதும். இது புதுசு இல்லை. 2,000 வருஷத்துக்கு முன்னாலேயே சீனாவில் ஃபான் ஷெங்சி என்பவர் எழுதிய வேளாண் நூலில் இந்த முறை இருக்கு. ஒரே ஒரு சிக்கல், உப்புத் தண்ணி ஊத்தினா பானையின் துளை அடைச்சுக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துத் தேங்காய் நாரால் உரசிக் கழுவுங்க.

கடைசியா, பயிர்த் தேர்வு. கோடையில் தக்காளி, காலிஃபிளவர் வேணும்னு அடம் பிடிக்கிறதை விட்டேன். முருங்கை, கொடுக்காப்புளி, சீத்தா, நெல்லி, சுண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, இதெல்லாம் இந்த மண்ணுக்கு ஏத்தது. சித்திரை, வைகாசியில் பாத்திகளைப் பாதியாக் குறைச்சுக்கிறோம். வரவு இல்லாத மாசத்தில் செலவையும் சுருக்கத்தானே வேணும்?

இப்போ தோட்டத்துக்கு நல்ல தண்ணி தினமும் 100 லிட்டர்தான், கீரைக்கும் நாத்துக்கும் பானைக்கும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலேதான் விடுறோம். மீதி வேலையை அந்த 240 லிட்டர் பார்த்துக்குது.

வரவு: மேலிருந்து வர்றது

செலவு 1,200-லிருந்து 450-க்கு வந்தாச்சு. ஒரு லோடு 13 நாள் வந்தது. ஆனாலும் லாரிக்காரர் வந்துக்கிட்டுத்தான் இருந்தார். வரவைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துச்சு.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணி. இந்த ஒரு வரியை மனப்பாடம் பண்ணிக்குங்க. எங்க மாடி 1,200 சதுர அடி, அதாவது 111 சதுர மீட்டர். சிதறல், ஆவி எல்லாம் போக நூத்துக்கு எண்பது பிடிச்சாலும், 10 மில்லிமீட்டர் மழைக்கு ஏறக்குறைய 900 லிட்டர். 600 மில்லிமீட்டர் பெய்யுற வருஷத்தில் 53,000 லிட்டர்! எட்டு லாரித் தண்ணிக்கு மேல், நம்ம தலைக்கு மேலேயே வந்து கொட்டிட்டுப் போகுது.

2003-ல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினாங்க. நிறைய வீட்டில் அன்னைக்கு வெச்ச குழாய் இன்னைக்கும் இருக்கு. குழிதான் மண் மூடிக் கிடக்கு. முதலில் அதைத் தூர் வாருங்க, செலவே இல்லை.

தொட்டி கட்டணும்னா எவ்வளவு பெருசு? பலர் இங்கேதான் மலைச்சு நின்னுடறாங்க. 53,000 லிட்டருக்கும் தொட்டி வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 25 லிட்டர், வருஷத்துக்கு 9,125. ஆக, 10,000 லிட்டர் தொட்டி இருந்தா ஒரு வருஷம் குடிதண்ணிக் கவலை இல்லை. எட்டடிக்கு எட்டடி, ஆறடி ஆழம் போதும். 112 மில்லிமீட்டர் மழையில் நிறைஞ்சிரும், 2016 மாதிரி வருஷத்தில்கூட அதை எதிர்பார்க்கலாம். 2018-ல் எனக்கு ஆன செலவு 70,000 ரூபாய். புகை பறந்த போர்வெல்லுக்குக் கொடுத்ததில் சரிபாதி.

மழைக்காலத்துக்கு முன்னால் மாடியைக் கூட்டிக் கழுவிடுங்க. ஒவ்வொரு மழையிலும் முதல் 200 லிட்டர் ஒரு டிரம்முக்குப் போய் அழுக்கோடு தேங்கட்டும், தோட்டத்துக்கு ஆகும். பிறகு வர்றது ஜல்லி, மணல், கரி வழியா வடிஞ்சு தொட்டிக்கு வரணும். தொட்டிக்குள் வெளிச்சம் புகக்கூடாது, புகுந்தா பாசி பிடிக்கும். காத்துக்குழாய் வாயில் கொசுவலை கட்டுங்க. குடிக்கிறதைக் கொதிக்க வெச்சுக் குடிங்க.

தொட்டி நிறைஞ்ச பிறகு வழியுற தண்ணி, ஒரு வண்டல் குழியில் தங்கித் தெளிஞ்சு பழைய கிணத்துக்குப் போகுது. ரெண்டாவது போர்வெல் குழியை அன்னைக்கே இரும்பு மூடி போட்டுப் பற்றவெச்சுட்டேன். உங்க நிலத்தில் பயன்படாத குழி திறந்து கிடந்தா, இந்தக் கட்டுரையை மூடி வெச்சுட்டு முதலில் அதைப் போய் மூடுங்க. குழந்தைகள் உயிர் சமாச்சாரம்.

இது கூட்டுக் கணக்கு

இப்போ வருஷத்தில் கோடை மாசங்களில் மட்டும் ரெண்டு, மூணு லோடு வாங்குறேன். சில வருஷம் அதுவும் இல்லை. கிணத்தில் தை மாசம் வரை தண்ணி நிக்குது. ஆனா என்னால் மட்டும் அது நிலைக்காது. பக்கத்துத் தோட்டத்து அப்புச்சிகிட்ட என் நோட்டைக் காட்டினப்போ அவர் சொன்னார், "நீ சேத்து வெய்யி சாமி. மேக்கால இருக்கறவன் ஆயிரம் அடியில உறிஞ்சிக்குவான்."

அவர் சொன்னது நிஜம். நிலத்தடி நீர் ஊருக்கே பொதுவான கூட்டுக் கணக்கு. யார் வேணும்னாலும் கையெழுத்துப் போட்டு எடுக்கலாம், இருப்பு யாருக்கும் தெரியாது. வங்கியில் இப்படி ஒரு கணக்கை ஒரு நாள்கூட நடத்த விடமாட்டோம். அதனால் போன வருஷத்திலிருந்து எங்க தெருவில் ஒன்பது வீட்டில் ஒரே மாதிரி நோட்டு போட்டிருக்கோம். மாசக் கடைசியில் மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து கிணத்துத் தண்ணி மட்டத்தைக் கயித்தில் அளந்து சேர்ந்து எழுதுறோம். மேக்கால இருக்கிறவர் இன்னும் நோட்டு போடலை. ஆனா போன கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து கேட்டுட்டுப் போனார்.

என் மேஜை முன்னால் நின்ன அந்த உழவர்களை நான் அடிக்கடி நினைச்சுக்குவேன். கடன் விண்ணப்பத்தில் எத்தனை அடி, எத்தனை குதிரைத்திறன்னு கேட்டேன். உங்க ஊர்க் கிணறுகளில் தண்ணி எந்த மட்டத்தில் நிக்குது, மழை எவ்வளவு, மாடியில் விழறது எங்கே போகுதுன்னு ஒருத்தர்கிட்டகூட நான் கேட்டதில்லை. கேட்டிருந்தா ரெண்டு குடும்பமாவது தப்பிச்சிருக்கும்.

அதனால் அந்தக் கேள்வியை இப்போ உங்ககிட்ட கேட்கிறேன். நாளைக்குக் காலையில் ஒரு வாளியும் கடிகாரமும் எடுத்துக்குங்க. ஏழு நாள் எழுதுங்க. எட்டாம் நாள் எங்கே கையை வைக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிரும். போர் வண்டிக்கு முன்பணம் கொடுக்கிற யோசனை இருந்தா, அந்த ஏழு நாள் முடியுற வரைக்கும் மட்டும் பொறுத்துக்குங்க.